பரம்பரை இருமல்

நான் வாக்கப்பட்டுப் போன வீட்டுக்குச் சொந்தமாக ஒரு இருமல் உண்டு. மற்ற குடும்பங்களுக்குப் பங்கு பிரிக்க நிலமும் நகையும் இருக்கும், இவர்களுக்கு இது. மாமனாருக்கு இருக்கிறது, அவருடைய அப்பாவுக்கு இருந்தது, தாத்தாவுக்கும் இருந்ததாகக் கேள்வி. கல்யாணப் பந்தலுக்குப் பின்னாலிருந்து யாராவது இருமினால், முகத்தைப் பார்க்காமலே, நாரணாபுரத்து ஹெட்மாஸ்டர் வீட்டு ஆள் வந்தாச்சு என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்வதில் அவர்களுக்குச் சங்கடமே கிடையாது. பெருமைதான்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே அதை நான் கேட்டேன். உள்ளறையில் தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் ஒருவர் இருமினார். அவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் எடுத்தார். கடைசியில் மாப்பிள்ளையும் சேர்ந்துகொண்டார். கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஒத்திகை பார்க்கிற மாதிரி இருந்தது. என் அம்மா விருதுநகரில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் காதுக்கு இது போதும். சம்பந்தம் பேசிய சபை ஊழியரின் மனைவியைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, இந்த இருமல் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். "அது சீக்கு இல்லக்கா, பரம்பரை" என்று அந்த அம்மாள் சொன்னார்.

என் அப்பாவுக்கு உயிர் வந்தது. பரம்பரை என்றால் ரத்தத்தோடு வருவது, ரத்தத்தோடு வருவது வெளியிலிருந்து போகிற பெண்ணுக்கு ஒட்டாது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். மாப்பிள்ளைக்குத் தாலுகா ஆபீஸில் வேலை. அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் என் அம்மாவின் நர்ஸ் புத்தி வாயைப் பொத்திக்கொண்டது. நானும் சந்தோஷமாகத்தான் தலையை நீட்டினேன்.

அவர்கள் என்னை எடுத்ததும் ஆசைப்பட்டு அல்ல. அந்த வீட்டில் யாரும் வெளியில் பெண் எடுக்கிற வழக்கமில்லை. மாமா கட்டியது தன் சொந்த மாமன் மகளை. மாமாவின் அப்பா கட்டியது அக்கா மகளை. என் கணவருக்குத்தான் வயதுக்கு ஏற்ற முறைப்பெண் ஒருத்தியும் மிச்சமில்லாமல் போனது. வேறு வழியில்லாமல் விருதுநகர் வரை வந்தார்கள். "வேத்து ரத்தம்" என்று என்னைப் பற்றி மாமா யாரிடமோ சொன்னதைத் தாலி கட்டிய வாரமே நான் கேட்டேன். ரத்தம் எல்லாருக்கும் ஒரே சிவப்புதான் என்று சொல்ல வாய் வந்தது. புதுப்பெண் என்பதால் விழுங்கிக்கொண்டேன். அதற்கப்புறம் நான் அதிகம் விழுங்கியதில்லை.

மாமா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அதுவும் அறிவியல் வாத்தியார். வருஷா வருஷம் மரபியல் பாடம் வந்ததும், போர்டில் பட்டாணிப் பூ வரைந்து, பட்டாணிக்குப் பூ நிறம் எப்படியோ அப்படித்தான் எனக்கு இருமல் என்று பிள்ளைகளுக்கு நடத்துவாராம். இன்றைக்கும் சிவகாசி பஜாரில் நரைத்த தலைகள் அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "சார், இருமல் எப்படி இருக்கு?" என்று விசாரிக்கும். அவரும் பிள்ளையைப் பற்றிக் கேட்டதுபோல முகம் மலர்ந்து பதில் சொல்வார். கோயிலில் ஞாயிறு ஆராதனைக்கு வேதபாடம் வாசிக்கப் போகுமுன் இருமிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். சபை அதைக் கேட்டு நிமிர்ந்து உட்காரும்.

அந்த வீட்டில் ஏசி இருந்தது ஒரே ஒரு அறையில். எங்கள் ஊர் வெயிலைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. பங்குனி பிறந்தால் மாமா, அத்தை, நாங்கள் இருவர், பிறகு பிறந்த என் மகள் என்று எல்லாரும் அந்த அறைக்குள் பாயை விரித்துவிடுவோம். குளிர் வெளியே போகக் கூடாது என்று ஜன்னல் இடுக்கில்கூட அத்தை பழைய சேலையைக் கிழித்துத் திணித்திருப்பார். உள்ளே போனது எதுவும் வெளியே போக வழியில்லை. என் மகள் தாத்தாவின் பக்கத்தில்தான் படுப்பாள். அவர் நெஞ்சின் மேல் கை போட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

ஒருமுறை சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு பெண்கள் வீடு வீடாக விசாரித்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் யாருக்காவது இருமல் உண்டா என்று கேட்டார்கள். மாமா சிரித்தார். இரண்டு வாரமா, மூன்று தலைமுறையாக இருக்கிறது என்றார். சளியை எடுத்துத் தரச்சொல்லி ஒரு டப்பாவை நீட்டினார்கள். மாமா அவர்களை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, பட்டாணிப் பூவிலிருந்து ஆரம்பித்தார். பாவம், வெயிலுக்கு நிழல் கிடைத்த நன்றியில் முழுப் பாடத்தையும் கேட்டுவிட்டு, டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டுக்குள் வந்து மரபியல் படிக்காமல் போனவர் யாருமில்லை.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். காலண்டர் சீசனில் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் நாட்டுக்குள் போகும். அப்படி ஒரு சீசனில், ஆர்டர் குவிந்துகிடந்த நேரத்தில், நானும் இரும ஆரம்பித்தேன்.

வீட்டில் அதை ஒரு நோயாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா கையை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"நீ எதுக்கும்மா இருமுற? ஒனக்கு இது வர வழியே இல்லையே."

ஏதோ அவர்கள் வீட்டுப் பட்டுப்புடவையை நான் கேட்காமல் எடுத்துக் கட்டிக்கொண்டதுபோல இருந்தது அவர் பார்வை. அத்தை சமாதானத்துக்கு வந்து, அச்சாபீஸ் தூசியாக இருக்கும் என்றார். விருந்தாளி வந்தால் அவர்கள் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து தாராளமாக இருமுவார்கள். எனக்கு மட்டும் பின்கட்டுக்குப் போய் இருமிவிட்டு வரும்படி ஜாடை வரும். எதிர்வீட்டு அக்கா இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய் எனக்காக வேண்டிக்கொண்டு திருநீறு கொண்டுவந்தார். அத்தை அதைப் பயபக்தியோடு வாங்கி என் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, பாஸ்டரிடம் சொல்லிவிடாதே என்றார். யார் வேண்டுதலும் பலிக்கவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல் அடித்தது. ஜாக்கெட் எல்லாம் தொளதொளத்துப் போனது. ஒருநாள் புரட்டாசி மாதத் தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது இருமி, கைக்குட்டையைப் பார்த்தேன். ரத்தம் இருந்தது. அன்றைக்கே அரை நாள் லீவு சொல்லிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

காசநோய் என்று உறுதியானது. டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். பொறுமை சுத்தமாகக் கிடையாது. வீட்டில் வேறு யாருக்கு இருமல் உண்டு என்று கேட்டார். எல்லாருக்கும் உண்டு, ஆனால் அது பரம்பரை என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது. இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு எனக்குள்ளும் அந்தப் பட்டாணி முளைத்திருக்கிறது.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கிருமி யாருக்கும் பிறப்பில் வராது, காற்றில்தான் வரும் என்றார். ஆனால் அது நெஞ்சுக்குள் போன எல்லாருக்கும் நோயாக மாறுவதில்லை. பெரும்பாலானவர்களுடைய உடம்பு அதைப் பிடித்து உள்ளேயே அடைத்துவைத்துவிடும். சிலருடைய உடம்பால் முடியாது. அதற்குச் சாப்பாடு, சர்க்கரை, காற்றில்லாத அறை என்று எத்தனையோ காரணம். அதில் அப்பா அம்மாவிடமிருந்து வாங்கிவந்த உடல்வாகும் ஒன்று. சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டு வந்தால், இரண்டு பக்கமும் ஒரே பலவீனத்தைக் கொடுத்துவிடவும் கூடும் என்றார்.

அப்படியானால் என் மாமனார் சொல்வது சரியா என்று கேட்டேன். எனக்கு எரிச்சலாக வந்தது.

"ஓட்டை ஓடு அவங்க அப்பா குடுத்ததா இருக்கலாம். மழையை அவங்க அப்பா குடுக்கல" என்றார் டாக்டர். "ஓடு ஓட்டைன்னு தெரிஞ்சா, மத்தவங்களுக்கு முன்னாடி ஓடிப்போய்ப் பாக்கணும். பெருமையா உக்காந்து நனையக் கூடாது."

பிறகு எங்கள் ஏசி அறையைப் பற்றிக் கேட்டறிந்துகொண்டு, என் ஓடு எப்படி இருந்தால் என்ன, நான் மழைக்குள்ளேயே குடியிருந்திருக்கிறேன் என்றும் சொன்னார். வீட்டில் எல்லாரையும் கூட்டிவாருங்கள், முதலில் அந்தப் பெரியவரையும் குழந்தையையும் என்றார். கையில் மாத்திரையும் சளி டப்பாக்களும் வந்தன.

பாதி சரியாகப் பேசுகிற மனிதரோடு சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்று வீட்டுக்குப் போனதும் தெரிந்தது. மாமா நான் சொன்னதில் தனக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். டாக்டரே பரம்பரை என்று ஒத்துக்கொண்டுவிட்டாரே, பிறகு டெஸ்ட் எதற்கு என்றார். கிருமியைப் பற்றிக் கேட்டதற்கு, அது என் பிறந்த வீட்டிலிருந்து வந்திருக்கும், அம்மா நர்ஸ்தானே என்றார். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நின்ற என் அம்மா ஒரு நாள் இருமியதில்லை.

அப்போது என் மகள் இருமினாள். அறைக்கு நடுவில் நின்றுகொண்டு, கையை இடுப்பில் வைத்து, தாத்தாவைப் போலவே, முடிவில் அந்த இழுப்போடு. மாமா முகம் மலர்ந்து அவளைத் தூக்கிக்கொண்டார்.

"பாத்தியா. நம்ம ரத்தம்."

இரண்டு மாதமாகவே அவள் அப்படி இருமிக்கொண்டிருந்தாள். விளையாட்டுக்கா, உண்மையாகவா என்று யாரும் பார்க்கவில்லை. நன்றாக வருகிறதா என்றுதான் பார்த்தார்கள். அவர்கள் கொடுத்த அதே ஓடு அவள் தலைக்கு மேலும் இருக்கலாம், அவள் தூங்குவது அவர் நெஞ்சின்மேல். நான் டப்பாவை எடுத்து மாமாவுக்கு முன்னால் வைத்தேன்.

"மாமா, ஒண்ணு இதுல துப்புங்க. இல்லேன்னா நான் பிள்ளையத் தூக்கிட்டு விருதுநகர் போயிருதேன். நீங்க இங்கன உங்க பரம்பரையோட இருங்க."

அந்த வீட்டில் அதுவரை யாரும் அவரிடம் துப்புங்கள் என்று சொன்னதில்லை. அவர் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என் கணவர் தாலுகா ஆபீஸில் பழகியபடி, இதை அப்புறம் பார்க்கலாம் என்றார். நான் பெட்டியை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தேன்.

அத்தைதான் பின்னால் வந்து, கதவைச் சாத்திவிட்டு, கட்டிலில் உட்கார்ந்தார். மாமாவுக்கு ஒரு தங்கை இருந்ததையும் அவர் சின்ன வயதிலேயே போய்ச்சேர்ந்ததையும் நான் அறிவேன். குடும்ப இருமல் முற்றிப் போனார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அத்தை மிச்சத்தைச் சொன்னார். அந்தத் தங்கையை ஏழாயிரம்பண்ணையில் தூரத்துச் சொந்தத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இருமலோடு பிறந்த வீட்டுக்கு வந்தவர், மாமாவுக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், டிபி என்று கேட்டு, மாத்திரையும் வாங்கிவந்து தின்ன ஆரம்பித்திருக்கிறார். மாத்திரையின் சாயத்தில் சிறுநீர் சிவப்பாகப் போனதும் பயந்து அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். அண்ணன் வேறு கணக்குப் போட்டார். டிபி என்று புகுந்த வீட்டுக்குத் தெரிந்தால் கைப்பிள்ளையோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். பரம்பரை என்றால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அண்ணன் அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்த அறிவியல் வாத்தியார். அவர் பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்னார், நிறுத்திவிட்டார்கள்.

போர்டில் வரைந்த பட்டாணிப் பூவெல்லாம் அதற்கப்புறம் வந்ததுதான் என்றார் அத்தை. நான் அடுக்கிய துணியை வெளியே எடுக்கவில்லை. ஆனால் பெட்டியை மூடவும் இல்லை. இத்தனை வருஷமும் கர்வம் பிடித்த கிழவர் என்று நினைத்து நான் கேலி பண்ணிக்கொண்டிருந்தது ஒரு பயந்த மனிதரை என்று அப்போது தெரிந்தது. தெரிந்தும் கோபம் குறையவில்லை. அவர் பயத்துக்கு என் மகள் ஏன் மூச்சு கொடுக்க வேண்டும்?

மறுநாள் காலையில் குளியலறையிலிருந்து மாமா இருமுவது கேட்டது. வழக்கமான சங்கீத இருமல் இல்லை, அடிவயிற்றிலிருந்து வருகிற இருமல். டப்பாவை மூடி ஒரு துணிப்பையில் போட்டு, என் கண்ணைப் பார்க்காமல் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

முடிவுகள் வந்தபோது அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கீர்த்தி தவிடுபொடியானது. மாமாவுக்கு டிபி. அத்தைக்கு ஒன்றுமில்லை, எல்லாரும் இருமுகிற வீட்டில் தானும் இருமாவிட்டால் நன்றாக இருக்காது என்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்திருக்கிறார். என் கணவருக்கு எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டு, உங்களுடையது வெறும் பழக்கம் என்று சொல்லிவிட்டார் டாக்டர். என் கணவருக்கு முகம் விழுந்துவிட்டது. அந்த வாரத்தோடு அவர் இருமலும் நின்றது. மகளின் நெஞ்சுப்படம் சுத்தமாக இருந்தது. அவள் இருமியது தாத்தாவைப் பார்த்துப் படித்ததுதான். ஆனாலும் கிருமி உள்ளே தங்கியிருக்கலாம் என்று தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொண்டு நான் நன்றாக அழுதேன்.

அத்தை ஜன்னல் இடுக்கிலிருந்த சேலைத்துண்டுகளை எல்லாம் பிடுங்கி எறிந்தார். மாமாவும் நானும் ஒரே நேரத்தில் மாத்திரை போட்டோம். அவருக்கு என்னைவிடச் சீக்கிரம் உடம்பு தேறியது. உடனே, எங்கள் ரத்தம் அப்படி என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்ததை நான் சுவருக்கு இந்தப்பக்கம் நின்று கேட்டேன். இந்த முறை விழுங்கவில்லை. அந்த ரத்தத்தில் இப்போது ஓடுவது சர்க்கார் மாத்திரை என்று சத்தமாகவே சொன்னேன்.

டாக்டர் அவரிடம் மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றைக் கேட்டார். உங்கள் ரத்த சொந்தத்தில் வேறு யாருக்காவது இருமல் உண்டா? இல்லை என்றே மாமா சொல்லிக்கொண்டிருந்தார். அது பொய் என்று எனக்குத் தெரியும். ஏழாயிரம்பண்ணைத் தங்கையின் பிள்ளை மாமாவின் வகுப்பிலேயே படித்து வளர்ந்து, கல்யாணமாகி, அங்கேயே ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். போன வருஷம் ஒரு கல்யாணத்தில் பந்தலுக்குப் பின்னால் இருமி, ஹெட்மாஸ்டர் வீட்டு ஆள் என்று கண்டுபிடிக்கப்பட்டவன் அவன்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அவனிடம் நான் போய்ச் சொல்லிவிடலாம். ஆனால் பரம்பரை என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்த வாயே அதைத் திருப்பிச் சொல்லாவிட்டால் அவன் என்னை நம்பமாட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் மாமா சட்டையைக் கழற்றவில்லை. ஒரு டப்பா எடுத்துக்கொள், பஸ்ஸுக்குப் போகலாம் என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து காய்ந்த காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

தங்கை மகன் வீட்டில்தான் இருந்தான். அவனுக்கு விரல் இடுக்கில் அலுமினியப் பவுடர் போகாமல் ஒட்டியிருந்தது. வாங்க மாமா, வாங்கக்கா என்று நாற்காலி எடுத்துப்போட்டான், போடும்போதே இருமினான். மாமா டப்பாவை எடுத்து அவன் முன்னால் வைத்து விஷயத்தைச் சொன்னார். அவன் சிரித்துவிட்டான்.

"இது எங்கம்மாட்ட இருந்து வந்ததுல்லா மாமா. பரம்பரைக்கு எதுக்கு டெஸ்ட்டு? நீங்கதான வகுப்புல போர்டுல போட்டுக் காமிச்சீக?"

பரம்பரை என்பதால்தான் முதலில் நீ பார்க்க வேண்டும் என்று மாமா சொன்னார். டாக்டர் சொன்ன ஓட்டை ஓடு, மழை உதாரணத்தை அவனுக்கு விளக்கப் பார்த்தார். வருஷக்கணக்காகப் பாடம் நடத்திய மனிதருக்கு வார்த்தை முன்னுக்குப்பின் முரணாக வந்தது. தனக்கும் அதே நோய்தான் இருந்தது, இப்போது மாத்திரை தின்று நன்றாகிவிட்டது என்று ஒருவழியாக முடித்தார். அவனுக்குச் சிரிப்பு போய்விட்டது.

"அப்ப எங்கம்மாவுக்கும் இதுதானா? இந்த மாத்திரையெல்லாம் அப்ப வரலியோ?"

வரவில்லை என்று சொல்லிவிட்டால் போதும். அவனுக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது, நானும் காட்டிக்கொடுத்திருக்கமாட்டேன். மாமா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்திருந்துச்சுலே. ஒங்கம்மா வாங்கியாந்து திங்கவும் செஞ்சா. நாந்தான் நிப்பாட்டச் சொன்னேன்."

அவன் டப்பாவை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான். அங்கே அவன் அடிவயிற்றிலிருந்து இருமுவது எங்களுக்குக் கேட்டது. நெடுநேரம் கழித்து வந்து, மாமா நீட்டிய கையைத் தாண்டி, டப்பாவை என் கையில் கொடுத்தான்.

"ரிசல்ட் எப்ப வரும்க்கா?" என்று என்னிடம் கேட்டான்.